கவலை குறைந்த குருவியும் தரவில்லாத கணவாயும்

கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, இடது பக்கம் வண்ணாத்திக் குருவி என்றும் வலது பக்கம் கணவாய் என்றும் எழுதினேன். ஆடி மாதம். கச்சான் காற்று காலையிலேயே எழும்பிவிட்டது. வகுப்பறை யன்னல்கள் அடித்துக்கொண்டே இருந்தன. விடிய ஐந்து மணிக்குக் கடலுக்குப் போன என் கணவரும், கட்டாரில் வேலை முடிந்து வந்திருந்த என் அண்ணனும் பத்து, பத்தரைக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே அந்த நேரத்தில் அவர்களைப் பற்றி எனக்கு எந்தப் பயமும் இல்லை. இருந்த பயம் முழுவதும் அந்த இடது பக்கத்துக் குருவியைப் பற்றியது.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். உயிர்களை இனம் பிரிக்கிற அங்கிகளின் பாகுபாடு என்ற பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அதனால் ஒவ்வொரு வருசமும், ஊரில் எல்லாரும் கண்ட இரண்டு உயிர்களை அவர்களையே தெரிவு செய்யச் சொல்லி, அவற்றை ஒப்பிட்டுக் காட்டுவேன். அந்த முறை முன்வாங்கு மாணவி ஒருத்தி, "பாடுற குருவி, மிஸ்" என்றாள். பின்வாங்கிலிருந்து ஒருவன், "தின்னுற கணவாய், மிஸ்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தபடி எழுதினேன். எழுதிய பிறகுதான், எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் கூட்டுக்குள் இருக்கும் குருவியின் பெயரை இத்தனை பிள்ளைகள் முன்னால் எழுதிவிட்டேன் என்று உறைத்தது.

இரண்டும் விலங்கு இராச்சியம். அந்த ஒரு வரியில் மட்டும் சேர்ந்திருந்தன. அடுத்த வரியில், கணம் என்ற இடத்திலேயே பிரிந்துவிட்டன. குருவி முள்ளந்தண்டுள்ள எங்களுடைய பக்கம். கணவாய் மொலஸ்கா, நத்தைக்கும் மட்டிக்கும் சொந்தம். குருவி பறவை வகுப்பு. வகுப்புக்குக் கீழே வருணம், காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பறவைகள். கணவாய் தலையிலேயே கைகள் முளைத்த வகுப்பு. மூன்று இதயம், நீல இரத்தம். "கண் மட்டும் எங்கட கண் மாதிரி. ஆனா சொந்தத்தால வந்தது இல்ல, அது வேற வழியால வந்து சேர்ந்த கண்" என்று சொன்னபோது கொட்டாவி நின்றது.

கடைசி வரி பாதுகாப்பு நிலை. உலகச் சிவப்புப் பட்டியலில் குருவிக்கு நேரே 'கவலை குறைந்தது' என்று எழுதினேன். கணவாய்க்கு நேரே 'தரவு போதாது' என்று எழுதினேன்.

முன்வாங்குப் பிள்ளை கையை உயர்த்தினாள். அவளுடைய தகப்பனும் கடலுக்குப் போகிறவர். "தரவு போதாது எண்டா, கணவாய் குறையுதா இல்லையா மிஸ்?"

"தெரியாது எண்டு அர்த்தம். எண்ணிப் பார்க்க ஆளில்ல."

"அப்ப குருவியப் பற்றிக் கவலை இல்லத்தானே. வீட்டில வைச்சு வளர்க்கலாமா?"

"ஏலாது" என்றேன். "எண்ணிக்கை கூடவா இருந்தாலும் காட்டுப் பறவையக் கூட்டில வைக்கிறது குற்றம். கோட்டுக்குப் போகவேணும்." சொல்லிவிட்டுப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் குருவி எங்களிடம் வந்தது மார்கழி மழையில். இரண்டு நாள் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த காலையில், வேலியில் காயப் போட்டிருந்த வலையில் அது சிக்கியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பிடி. ஒரு செட்டை தொங்கியது. என் கணவர் சவர பிளேட்டை எடுத்துவந்து, புது வலை என்றும் பாராமல் சுற்றிவர அறுத்து அதை வெளியே எடுத்தார். மகள் தன் பாவாடைத் துண்டில் அதைச் சுற்றி வைத்திருந்தாள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் செட்டையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, "கொஞ்ச நாள் ஆடாம வைச்சிருங்க. சுகமானதும் விட்டிருங்க. வைச்சிருக்கக் கூடாது, சரியா?" என்றார்.

மாசி மாதம் அது பாடத் தொடங்கியது. விடியற்காலையில், வாலைத் தூக்கிக்கொண்டு, தொண்டை புடைக்கப் பாடும். அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற மனிசன், அதன் பிறகு பின்விறாந்தையில் குந்தியிருந்து குடிக்கப் பழகிவிட்டார். விடச் சொன்னேன். கூட்டுக் கதவைத் திறந்தும் பார்த்தோம். அது வெளியே வந்து, ஒரு பாகம், இரண்டு கை விரித்த தூரம் சரிந்து பறந்து, நிலத்தில் விழுந்து, தத்தித் தத்தி ஓடியது. பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் இருந்தது.

"பறக்க ஏலாததை வெளியில விட்டா அது கொலை" என்றார் அவர்.

"உள்ளுக்கு வைச்சா அது களவு. என்ட வேலை போகும்."

"ஆரு வந்து பார்க்கப் போறாங்க?"

அந்தக் கேள்விதான் என்னைத் தின்றது. ஆரும் வரலாம். பக்கத்து ஊரில் கிளி வளர்த்த ஒருவரை அதிகாரிகள் வந்து கூட்டிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் மேல், அதுவும் இதையே பாடமாகப் படிப்பிக்கிறவள் மேல் வழக்கு வந்தால்? வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். ஆட்கள் வந்தால் கூட்டின் மேல் அவர் உடுக்கிற சாறத்தைப் போர்த்துவேன். போர்த்தினால் அது இருட்டிவிட்டது என்று சும்மா இருக்கும். சில நேரம் இருக்காது. சாறத்துக்குள் இருந்து பாடும். அப்போது நான் றேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பேன். மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நான் சொல்வது ஒன்று, வீட்டில் செய்வது ஒன்று என்பது அவளுக்குத் தெரியும்.

கணவாயைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பயந்ததில்லை. அது பெட்டி பெட்டியாக வந்தது, விலைப்பட்டது, கறியானது. ஒருநாள் குசினியில் கணவாய் வெட்டும்போது, அது நத்தைக்குச் சொந்தம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. உடம்புக்குள் விரலை விட்டு, கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த மெல்லிய தண்டை உருவி எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். "ஓடு இருந்த இடம். இப்ப இதுதான் மிச்சம்" என்றேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்தின வருசம் வெட்டி எறிஞ்சிருக்கம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, கேட்காமலே சொன்னார்: "இப்ப எங்கட கல்லடிக் கரைக்கு நேர, கிட்ட உள்ள கல்லுப் பாரில கணவாய் இல்ல. தள்ளிப் போகவேண்டியிருக்கு."

"எவ்வளவு தள்ளி?"

அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு, அந்த ஆடி மாதத்து நாளில், பன்னிரண்டரை மணிக்கு ஆசிரியர் அறையில் என் போன் அடித்தது. மச்சாள். அண்ணனுடைய மனைவி.

"மச்சாள், அவங்க உங்களுக்குக் கோல் எடுத்தவங்களா?"

"இல்லையே. இன்னும் வரல்லயா?"

"வரல்ல. போனும் வேல செய்யல்ல. மற்ற போட்டெல்லாம் வந்திற்று."

பையைக்கூட எடுக்கவில்லை. ஓட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனேன். மச்சாள் மணலில் செருப்பில்லாமல் நின்றாள். மணல் கொதித்தது, அவளுக்கு அது தெரியவில்லை. கச்சான் எங்கள் முதுகில் அடித்தது. மேற்கே தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று அது. இஞ்சின் உள்ள படகுக்கு அது ஒரு காற்று, அவ்வளவுதான். இஞ்சின் நின்ற படகை அது கரைக்கு விடாது. வெளியே, வெளியே என்று தள்ளிக்கொண்டு போகும். எங்கள் சேலைத் தலைப்புகள் இரண்டும் கடலை நோக்கிப் பறந்தன. நான் என்னுடையதை இழுத்து இடுப்பில் சொருகினேன்.

கரைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், காலையில் அவர்களைக் கண்டதாகச் சொன்னார். "பாருக்கு அங்கால, கிழக்கால போய்க்கொண்டிருந்தாங்க. நான் கையக் காட்டினன். அவனும் காட்டினான்." இரண்டு படகுகள் தேடப் போயிருந்தன. மீனவர் சங்கத்துக்காரர் பொலிசுக்கும் கடற்படைக்கும் அறிவித்துவிட்டார்.

மச்சாள் என் கையைப் பிடித்தாள். "என்னகா மச்சாள், ஒண்டும் சொல்லாம நிக்கிறீங்க? நீங்க படிச்சவங்கதானே. எவ்வளவு தூரம் இழுக்கும் இந்தக் காத்து?"

"தெரியாது மச்சாள்."

உண்மையில் தெரியும், ஓரளவு. எங்கள் கரையில் கடலடி கொஞ்சத் தூரத்திலேயே திடீரென்று ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே போனால் நங்கூரக் கயிறு தரை தட்டாது. அதை அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு படகும் திரும்பி வந்தன. அதில் இருந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள்.

மூன்றரை மணியிருக்கும். மகள் போனில் எடுத்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மா, வீட்ட ரெண்டு பேர் வந்திருக்காங்க. யூனிபோம் போட்டிருக்காங்க. உங்களக் கேக்கிறாங்க."

யூனிபோம் போட்டவர்கள் வீட்டுக்கு வருவதற்கு அன்றைக்கு இரண்டு காரணம் இருந்தது. ஏழு மாதமாக நான் பயந்த காரணம் ஒன்று. மற்றதை நினைக்கவே பயம். ஓட்டோவில் போகும்போது கடவுளிடம் வேண்டிக்கொண்டு போனேன்: குருவிக்காக வந்திருக்கட்டும். என்னைப் பிடிக்கட்டும், வழக்குப் போடட்டும், வேலை போகட்டும். குருவிக்காகவே வந்திருக்கட்டும். அவ்வளவு நாளும் எதைக் கண்டு நடுங்கினேனோ, அதையே பிச்சை கேட்டேன்.

அவர்கள் பொலிஸ்காரர். முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார்கள். ஒருவர் வயதில் மூத்தவர், கையில் கொப்பி. நான் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், பயப்பிடாதீங்க. ஒண்டும் கிடைக்கல்ல இன்னும். விவரம் எழுத வந்தம்."

ஒண்டும் கிடைக்கல்ல. அதை நல்ல செய்தி என்று எடுப்பதா, கெட்ட செய்தி என்று எடுப்பதா என்று தெரியவில்லை. கதிரையில் இருந்தேன். படகின் நிறம் கேட்டார். நீலம், ஓரம் வெள்ளை. இஞ்சின் என்ன பவர். சொன்னேன். போகும்போது என்ன உடுத்திருந்தார். எனக்கு ஞாபகம் வரவில்லை. விடியற்காலை அவர் போகும்போது நான் அடுப்படியில் நின்றேன், திரும்பிப் பார்க்கவில்லை. மகள்தான் சொன்னாள்: "பச்சை ரீசேட், அம்மா. தோளில கிழிஞ்சது."

அந்த நேரம் பின்விறாந்தையில் குருவி பாடத் தொடங்கியது. மகள் சாறம் போர்த்த மறந்திருந்தாள். நல்லா நீட்டி, இறக்கி ஏற்றிப் பாடியது. மூத்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அது வெளியிலயா, உள்ளுக்கா?"

பொய் சொல்ல எனக்குப் பலம் இருக்கவில்லை. "உள்ளுக்குத்தான். வலையில பட்டுக் காயம். செட்டை சரியில்ல. என்ட மனிசன்தான் காப்பாத்தினவர்."

அவர் எழும்பி உள்ளே போய்க் கூட்டைப் பார்த்தார். இளையவர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்து நிலத்தைப் பார்த்தார். மூத்தவர் திரும்பி வந்து கொப்பியை எடுத்தார்.

"நான் இன்றைக்குப் படகுக்கு வந்த ஆள். படகைத்தான் எழுதிறன்" என்றார். "ஆனா டீச்சர், இதை நீங்களே கொண்டுபோய் வனவிலங்கு அதிகாரிமாரிட்டக் குடுங்க. அடுத்த முறை நான் வந்தா, காணல்ல எண்டு சொல்ல ஏலாது."

"அவர் வரட்டும் சேர். அவர் வந்தாப் பிறகு" என்றேன். சொல்லி முடிக்க முன் அழுதுவிட்டேன். அதுவரை அழவில்லை.

அன்றிரவு மச்சாளும் எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. காற்று நிற்கவில்லை, அவ்வளவுதான்.

காலை எட்டரை மணிக்கு வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றது. நான் எழும்பவில்லை. மச்சாள்தான் ஓடினாள். வந்தவர் காத்தான்குடியிலிருந்து எங்கள் கணவாயை வாங்குகிற வியாபாரி; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரைக் காக்கா என்போம். அவருடைய கணவாய் வியாபாரம் வாழைச்சேனை வரைக்கும் உண்டு. மனிசன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே கத்தினார்:

"உசிரோட இரிக்காங்க டீச்சர்! ரெண்டு பேரும் உசிரோட இரிக்காங்க!"

மச்சாள் மண்ணில் குந்திவிட்டாள். காக்கா மூச்சு வாங்கினார். "பல நாள் தங்குற போட் ஒண்டு திரும்பி வரக்குள்ள கண்டு, கட்டி இழுத்துக்கிட்டு வாழைச்சேனைத் துறைக்கு வந்திரிக்கி. எனக்கு அங்கிருந்து கோல் வந்த. அல்ஹம்துலில்லாஹ். எழும்புங்க தங்கச்சி, வேன் வரச் சொல்லியிரிக்கன். போய்க் கூட்டிக்கிட்டு வருவம்."

துறையில் என் கணவர் ஒரு மீன் பெட்டியின் மேல் இருந்தார். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. முகம் கறுத்து, கண் சிவந்து, யாரோ போல. பச்சை ரீசேட்டைக் காணவில்லை. துடுப்பில் கட்டி ஆட்டிக் காட்டியிருக்கிறார், காற்று கொண்டுபோய்விட்டது. மகள் அவருக்குக் கிட்டப் போகப் பயந்தாள். அவர் கையை நீட்டிய பிறகுதான் போனாள்.

நடந்ததை அண்ணன்தான் வேனில் வரும்போது சொன்னார். ஏழரைக்கு இஞ்சின் நின்றிருக்கிறது. நங்கூரம் போட்டார்கள், கயிறு முழுவதும் ஓடியும் தரை தட்டவில்லை. பின்னேரமளவில் கரை மறைந்துவிட்டது. ஒரு போத்தல் தண்ணி இருந்தது. மூடியில் ஊற்றி மூடி மூடியாகக் குடித்தார்கள். பெட்டியில் கிடந்த கணவாயைப் பச்சையாக வெட்டித் தின்றார்கள்.

"எத்தின இருந்த?" என்று காக்கா கேட்டார்.

"பதினொண்டு" என்றார் என் கணவர். வேனில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. "அவ்வளவு தூரம் போயும் பதினொண்டு."

ஒரு கிழமை கழித்துக் குருவியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். போகச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரே காலையில் கூட்டை ஒரு பழைய பெட்சீற்றால் சுற்றி, "வா, போவம்" என்றார். வனவிலங்கு அதிகாரி கூட்டைத் தன் மேசையில் வைக்கச் சொன்னார். எத்தனை மாதம் என்று கேட்டார். ஏழு என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேல செய்றீங்க?" என்றார். சொன்னேன். என்ன பாடம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அந்த நிமிசத்தில் எனக்கு இருந்த வெட்கத்துக்கு முன்னால் பயம் ஒன்றுமில்லை.

அவர் குருவியை எடுத்துச் செட்டையை விரித்துப் பார்த்தார். எலும்பு கோணலாகப் பொருந்தியிருக்கிறது, இனிமேல் நல்லாப் பறக்காது என்றார். முதல் கிழமையே கொண்டுவந்திருந்தால் சரிப்படுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். வழக்குப் போடவில்லை. ஒரு கடிதத்தில் எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பறவையை வேறு மாவட்டத்தில் இருக்கும் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் என் கணவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காப்பாற்றியதாகத்தான் ஏழு மாதமும் நினைத்திருந்தார்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்கு அது முழு உண்மை இல்லை. முதல் கிழமையே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதிகாரிகளிடம் போனால் ஏதாவது கேட்பார்கள் என்ற பயத்தில்தான் போகவில்லை. அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தது குருவி. மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாப்பிட்டாள். ஆனால் என்னோடு முன்போலப் பேசப் பல நாள் பிடித்தது.

அண்ணன் மூன்று மாதத்துக்குள் திரும்பவும் கட்டாருக்குப் போய்விட்டார். மச்சாள் அவரை விமானத்துக்கு அனுப்பிவிட்டு வந்து, "வானத்தில போற மனிசனுக்கு நான் பயப்பிடல்ல மச்சாள்" என்றாள்.

என் கணவர் புரட்டாதி நடுவில் கடலுக்குத் திரும்பினார். வேறு தொழில் பார்ப்போம் என்று கேட்டுப் பார்த்தேன். "என்ன தொழில்?" என்றார். கரைத் தென்னைகள் தெரிகிற தூரத்துக்கு மேலே போகமாட்டேன் என்று மகளின் தலையில் கைவைத்துச் சொன்னார்.

அவர் திரும்பக் கடலுக்குப் போன அந்த முதல் நாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தேன். விடிந்ததும் மணலில் போய் இருந்தேன். நீலப் படகு கண்ணுக்குள்ளேயே இருந்தது. அலை ஏறும்போது தெரியும், இறங்கும்போது மறையும். மறைகிற ஒவ்வொரு முறையும் நான் மூச்சை விடவில்லை. வெயில் ஏறி, கண் கூசி, தலை இடித்தது. எழும்பி நிழலுக்குப் போகப் பயமாக இருந்தது. நான் பார்க்காத நேரத்தில் ஏதாவது நடந்துவிடும் என்று.

பத்தே காலுக்குப் படகு கரை தட்டியது. பெட்டிக்குள் மூன்று கணவாய் கிடந்தன. உயிரோடு, நிறம் மாறி மாறி. அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த நேரம் கரையில் ஆட்கள் குறைவு. ஒருவர் வந்து முன்பக்கத்தைப் பிடித்தார். இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்றார் கணவர். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கிக் கயிற்றைப் பிடித்தேன். ஒன்றாக இழுத்தோம். படகு மணலில் ஏறியது.